துணிக்கொடியில் தொங்கும் தேன்சிட்டு வீடு!

பால்கனியில் துணி காயப்போடுகிற கொடியிலோ, அழைப்பு மணிக்குப் போகிற ஒயரிலோ, எப்போதோ கட்டி மறந்துபோன மாவிலைத் தோரணத்தின் நுனியிலோ ஒரு கைப்பிடி குப்பை தொங்குகிறதா? காய்ந்த இலைத் துணுக்கு, மரப்பட்டைத் தூள், நூல், ஒட்டடை எல்லாம் ஒன்றாகச் சிக்கிக்கொண்டதுபோல இருக்கிறதா? துடைப்பத்தை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள்.

அந்தக் குப்பையின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு சின்ன ஓட்டை தெரிகிறதா? ஓட்டைக்கு மேலே வெயில் மறைப்புபோல ஒரு நீட்டல் இருக்கிறதா? இருந்தால் அது குப்பை இல்லை. வீடு!

வீட்டுக்காரி பத்து கிராம் இருந்தால் அதிகம். அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தாலும் 10 சென்டிமீட்டர் வராது. தமிழ்நாட்டில் செம்பருத்தியோ முருங்கையோ நிற்கிற எந்தத் தெருவிலும் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய பறவைதான். 'ட்ஸிட்... ட்ஸிட்...' என்று ஊசி குத்துவதுபோல ஒரு சத்தம். நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுத்த கிளைக்குப் போயிருக்கும். அதுதான் தேன்சிட்டு.

பச்சை, ஊதா, அரக்கு, மஞ்சள்

தேன்சிட்டு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே தவிர, நம் ஊரில் அடிக்கடி கண்ணில் படுபவை மூன்று வகை. அவற்றில் வீட்டுப் பக்கம் அதிகம் வருவது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. 'பிட்டு' என்றதும் புட்டு, தேங்காய்த் துருவல் என்று யோசனை போக வேண்டாம். பிட்டம் என்பதன் சுருக்கம்தான். வாலுக்குச் சற்று மேலே முதுகின் அடிப்பகுதி ஊதாவாக மின்னும் என்பதால் வந்த பெயர்.

எனக்கு இந்தப் பெயர்மீது ஒரு வருத்தம் உண்டு. ஆண் பறவையைப் பாருங்கள். உச்சந்தலையில் பளபளக்கும் பச்சை. தோளில் இன்னொரு பச்சைத் திட்டு. தொண்டையில் பட்டுப்புடவைக் கரைபோல ஊதா. அதற்குக் கீழே மார்பின் குறுக்கே அரக்கு நிறத்தில் ஒரு பட்டை. முதுகும் அரக்கு. வயிறு எலுமிச்சை மஞ்சள். இத்தனையும் இருக்க, இறக்கையை விரித்தால்தான் சரியாகத் தெரிகிற பின்புறத்தை வைத்தா பெயர் சூட்டுவது?

பெண்ணுக்கு இந்த அலங்காரம் எதுவும் இல்லை. முதுகு பழுப்பு, தொண்டை சாம்பல் கலந்த வெள்ளை, மார்பு மஞ்சள். கூட்டில் உட்காருகிறவள் மின்னிக்கொண்டிருந்தால் காகத்துக்கு விலாசம் கொடுத்ததுபோல ஆகிவிடாதா?

ஆணின் நிறத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இப்போது பச்சையாகத் தெரிந்த தலை, பறவை கொஞ்சம் திரும்பியதும் கறுப்பாகிவிடும். மறுபடி திரும்பினால் பச்சை. காரணம், அந்த இறகில் பச்சைச் சாயம் எதுவும் கிடையாது. இறகின் மிக நுண்ணிய கிளைகளுக்குள் மெலனின் என்ற கருநிறப் பொருள் அடுக்கடுக்காக இருக்கிறது. நம் தலைமுடியைக் கறுப்பாக்குகிற அதே பொருள்தான். வெளிச்சம் அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும்போது சில நிறங்கள் ஒன்றுசேர்ந்து வலுப்படும், சில நிறங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மழை பெய்த தார்ச்சாலையில் பெட்ரோல் சிந்திய இடம் வானவில்போல மின்னுகிறதே, அந்த வித்தைதான். மயில் தோகையின் ரகசியமும் இதுதான். வயிற்று மஞ்சள் மட்டும் வேறு கதை. அது நிஜமான நிறமி; சாப்பாட்டின் வழியாக உடம்புக்கு வந்தது.

இன்னொரு வகையான ஊதாத் தேன்சிட்டை அடையாளம் காண்பது சுலபம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் முழுக்க முழுக்கக் கருநீலமாகப் பளபளக்கும். சீசன் முடிந்ததும் அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு, பெண்ணைப்போல மங்கலான மஞ்சளுக்கு மாறி, தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கறுப்புக் கோட்டை மட்டும் மிச்சம் வைத்துக்கொள்ளும். ஊதாப்பிட்டு அப்படி மாறுவதில்லை. வருடம் முழுவதும் அதே கல்யாணக் கோலம்.

மூன்றாவது, லோட்டன் தேன்சிட்டு. அரிவாள்போல வளைந்த நீளமான அலகை வைத்தே சொல்லிவிடலாம். யார் இந்த லோட்டன்? 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்தவர். அலுவலுக்கு நடுவே பறவைப் பித்து. இலங்கையிலேயே பிறந்த டி பெவெரே என்ற ஓவியரை அமர்த்தி, அந்தத் தீவின் பறவைகளையும் விலங்குகளையும் வரைய வைத்தார். பிற்பாடு 1766-இல், உயிரினங்களுக்கு எல்லாம் முறைப்படி பெயர் வைத்துக்கொண்டிருந்த சுவீடன் நாட்டு லின்னேயஸ், ஒரு தேன்சிட்டுக்கு லோட்டன் பெயரையும் நம் ஊதாப்பிட்டுக்கு இலங்கையின் பெயரையும் சூட்டினார். இன்றும் ஊதாப்பிட்டின் அறிவியல் பெயர் லெப்டோகோமா சைலோனிகா. 'சிலோன்' அதற்குள் ஒளிந்திருப்பது தெரிகிறதா? லின்னேயஸ் இலங்கைப் பக்கம் வந்ததே இல்லை.

இலங்கை, தீபகற்ப இந்தியா, வங்கதேசம். ஊதாப்பிட்டின் உலகம் இவ்வளவுதான். இந்தியத் துணைக்கண்டத்தை விட்டு வெளியே அதற்கு வீடு கிடையாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதைப் படிக்கிற வாசகர்கள், "எங்கள் அடுக்குமாடி வராந்தாவிலும் கட்டுகிறதே" என்று கேட்கலாம். அது இதன் உறவுக்காரப் பறவை. ஆணுக்குத் தொண்டை கருநீலமாக இருக்கும், முதுகு ஆலிவ் பச்சை. பூந்தொட்டிச் செடியிலும் ஒயரிலும் கூடு கட்டுகிற பழக்கம் மட்டும் அச்சு அசலாக ஒன்றே.

அது ஹம்மிங்பேர்ட் இல்லை

"எங்க வீட்டுச் செம்பருத்திக்கு ஹம்மிங்பேர்ட் வந்தது" என்று வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புகிற நண்பர்கள் எல்லோருக்கும் உண்டு. ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. உங்கள் செம்பருத்திக்கு வந்தது தேன்சிட்டுதான்.

இரண்டும் சொந்தக்காரர்கள்கூட இல்லை. ஹம்மிங்பேர்டுக்கு நெருங்கிய சொந்தம், மாலையில் கோயில் கோபுரத்தைச் சுற்றிப் பறக்குமே, அந்த உழவாரக் குருவி. தேன்சிட்டோ சிட்டுக்குருவி, காகம் எல்லாம் அடங்கிய பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. தேன் குடிக்கும் தொழிலை இரண்டும் தனித்தனியாகக் கற்றுக்கொண்டதால், சின்ன உடம்பு, நீண்ட அலகு, மின்னும் இறகு என்று தோற்றத்திலும் ஒன்றுபோல ஆகிவிட்டன.

வித்தியாசம் பூவின் அருகே போனதும் தெரிந்துவிடும். ஹம்மிங்பேர்ட் அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும், பின்பக்கமாகக்கூடப் பறக்கும். தேன்சிட்டும் அவசரத்துக்கு இரண்டு மூன்று நொடி இறக்கையை அடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் அது அதற்குப் பிடித்த காரியமில்லை. உட்கார ஒரு காம்பு கிடைத்தால் போதும். அதைப் பிடித்துக்கொண்டு, தேவைப்பட்டால் தலைகீழாகத் தொங்கி, நிதானமாகக் குடிக்கும்.

இதில் பூக்களின் பங்கும் இருக்கிறது. நம் ஊர்க் கல்யாண முருங்கை, புரசு போன்ற மரங்களைக் கவனித்தால் தெரியும்: சிவந்த பூங்கொத்துக்குப் பக்கத்திலேயே பறவை உட்காரத் தோதாகக் கெட்டியான காம்பு இருக்கும். விருந்தாளிக்கு இலை போடுவதற்கு முன் மணையை எடுத்துப் போடுகிற மரியாதை! அமெரிக்காவில் ஹம்மிங்பேர்டை நம்பியிருக்கிற பூக்கள் பல, பிடிமானமே இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வருகிறவர் நின்றுகொண்டே சாப்பிடுகிறவர் என்று அவற்றுக்குத் தெரியும்.

பறவைகளுக்காகவே மலர்கிற பூக்களில் சிவப்பு அதிகம், வாசனை குறைவு. பறவைகள் வாசனையைத் தேடி வருவதில்லை. சிவப்பை நன்றாகப் பார்க்கும். தேனீக்களின் கண்ணுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. ஆகவே மல்லிகைக்குத் தேன்சிட்டை எதிர்பார்க்காதீர்கள். இட்லிப்பூ, மாதுளை, கல்வாழை, செம்பருத்தி இவற்றின் அருகே காத்திருங்கள். வாழைத்தார் தள்ளியிருந்தால் இன்னும் நல்லது. வாழைப்பூ மடல் விரிந்ததும் அணிலுக்கும் தேன்சிட்டுக்கும் நடக்கிற போட்டி பார்க்கத் தகுந்தது.

அலகை உள்ளே விட்டால் போதுமா? உள்ளே இருப்பதைக் குடிக்க வேண்டுமே. தேன்சிட்டின் நாக்கு குழாய்போலச் சுருண்டது. நுனியில் இரண்டாகப் பிளந்தது. அந்த நாக்கையே ஸ்ட்ராவாக வைத்து உறிஞ்சுகிறது என்று ஆய்வாளர்கள் சமீபத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். இளநீர்க் கடையில் நாம் கன்னம் குழிய உறிஞ்சுகிறோமே, அந்த வேலையைத் தேன்சிட்டு நாக்குக்குள்ளேயே முடித்துவிடுகிறது.

இது குடிக்கும்போது பூவின் மகரந்தம் நெற்றியிலோ கன்னத்திலோ ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவில் அது சேர்ந்துவிடும். கூலிக்கு வேலை. ஆனால் எப்போதும் நேர்மையான கூலி என்று சொல்ல முடியாது. குழல் நீளமாக இருந்து அலகு எட்டவில்லை என்றால், பூவின் அடிப்பக்கத்தில் ஒரு குத்து. தேன் வந்துவிடும்; மகரந்தம் போய்ச் சேராது. செம்பருத்தியின் அடியில் சின்னத் துளை பார்த்தால் திருடன் யாரென்று இனி உங்களுக்குத் தெரியும்.

மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தேன்சிட்டுமீது வேறு ஒரு புகார் இருக்க நியாயம் உண்டு. மாமரக் கிளையில் புல்லுருவி ஒட்டி வளர்கிறதல்லவா? அதன் பூவுக்கு முக்கியமான வாடிக்கையாளர் தேன்சிட்டு. பூ காயாகிப் பழுத்ததும் தேன்சிட்டையும் விடச் சின்னதான பூக்கொத்திப் பறவை அதைத் தின்று, பிசுபிசுவென்ற விதையை இன்னொரு கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். முதல் வேலை ஒருவருக்கு, இரண்டாவது வேலை மற்றொருவருக்கு. மரத்துக்குச் சொந்தக்காரர் கையில் அரிவாளுடன் நிற்பார்.

ஒட்டடையில் கட்டிய வீடு

இனி கூட்டுக்கு வருவோம். எனக்கு இந்தப் பறவையிடம் பிடித்ததே இந்தப் பகுதிதான்.

கட்டுவது பெரும்பாலும் பெண் மட்டுமே. ஆண் மேஸ்திரி வேலைகூடப் பார்ப்பதில்லை. கூடவே பறந்து வரும், பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து கத்தும், எப்போதாவது கூட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இந்த வர்ணனையைப் படித்துவிட்டு வீட்டில் யாராவது யாரையாவது முறைத்துப் பார்த்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

முதல் தேவை ஒட்டடை. சிமென்ட்டும் அதுதான், கயிறும் அதுதான். மூலையில் இருக்கும் சிலந்தி வலைக்குப் போய், அலகால் துடைப்பதுபோல ஒரு இழுப்பு. பிசுபிசுக்கும் நூல் அலகில் சுற்றிக்கொள்ளும். அதை அப்படியே தன் மார்பு இறகில் ஒட்டிக்கொள்ளும். தையல்காரர் ஊசிகளைச் சட்டையில் குத்தி வைத்துக்கொள்வாரே, அதுபோல. கூட்டுக்குத் திரும்பியதும் மார்பிலிருந்து அலகு நுனியால் எடுத்து, வேண்டிய இடத்தில் தேய்த்து ஒட்டும். நாம் முகத்தில் பட்டால் அலறிக்கொண்டு துடைக்கிற சமாச்சாரம்!

ஒட்டடையோடு மெல்லிய நார்களைச் சேர்த்துப் பின்னி, ஒரு பை உருவாகும். வெளிப்புறத்தில் பாசி, பட்டைத் தூள், காய்ந்த இலை, காற்றில் பறந்து வரும் விதை என்று கிடைத்ததை எல்லாம் ஒட்டும். அடியில் சில துணுக்குகள் வால்போலத் தொங்கும். காற்றில் அடித்து வந்து சிக்கிய குப்பைபோலத் தெரிய வேண்டும் என்பதே அதன் பாதுகாப்பு. காகம் ஏமாறுகிறது. சிக்கல் என்னவென்றால், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீடு சுத்தம் செய்கிற நாமும் ஏமாந்துவிடுகிறோம்.

உள்ளே மெத்தை வேண்டுமே! அதற்கு எருக்கு. காலி மனையில், ரயில் பாதை ஓரத்தில், சுடுகாட்டுப் பக்கத்தில் யாரும் நடாமல் வளர்கிற அதே எருக்கு. பிள்ளையார் சதுர்த்தி அன்று மாலையாகக் கட்டிவிட்டு மறுநாள் மறந்துவிடுகிறோம். அதன் காய் வெடித்ததும் வெள்ளி நூல்போன்ற பஞ்சு பறக்கும். தேன்சிட்டு அதைக் கொத்திக் கொத்திக் கொண்டுவந்து கூட்டின் உள்பக்கம் முழுவதும் பரப்பும். முட்டைக்கு அதைவிட மெதுவான படுக்கை கிடைக்காது.

ஆகக் கூடி, இந்த வீட்டுக்கு வேண்டிய சாமான்கள் என்னென்ன? மூலையில் ஒட்டடை, காலி மனையில் எருக்கு, செடியில் புழு பூச்சி. 'சுத்தமான' வீடு, 'சுத்தமான' தெரு என்று நாம் சொல்லும்போது முதலில் அப்புறப்படுத்துகிற மூன்றும் இவைதான்.

அதற்காக வீட்டில் ஒட்டடை அடிக்காதீர்கள் என்று சொன்னால் அம்மாக்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். வரவேற்பறையைத் தாராளமாக அடியுங்கள். மோட்டார் அறையின் வெளிச்சுவர், மொட்டை மாடிப் படிக்கட்டின் கீழ்ப்பக்கம், காம்பவுண்டுச் சுவரின் மூலை என்று ஆள் புழங்காத ஓர் இடத்தை மட்டும் சிலந்திக்கு விட்டுக்கொடுக்கலாம்.

இரண்டு முட்டை, ஒரு மாதம்

வழக்கமாக இரண்டு முட்டை. அடைகாப்பது 14 முதல் 16 நாள். பொரித்த குஞ்சுகள் கூட்டை விட்டுப் பறக்க மேலும் 17 நாள் அளவு. மொத்தம் ஒரு மாதம்தான். நம் வீட்டில் நடக்கிற எதுவும் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றவோ அழிக்கவோ கூடியது இந்த ஒரு மாதத்தில்தான்.

குஞ்சு பொரித்ததும் அப்பா பறவையின் போக்கு மாறிவிடும். அதுவரை பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது, இப்போது அலகில் இரையோடு வந்து போக ஆரம்பிக்கும். இரை என்ன தெரியுமா? தேன் இல்லை. சின்னப் பூச்சி, புழு, சிலந்தி. தேனில் இனிப்பு இருக்கிறது. சதை வளரத் தேவையான புரதம் இல்லை. 'தேன்சிட்டு தேன் குடித்து வாழும்' என்று பாடப் புத்தக நடையில் சொல்லிவிட்டு நிறுத்தினால் பாதி உண்மைதான்.

செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் கடையில் கிடைக்கிற ரசாயனத்தை அடித்துவிடுவது எளிது. அதே செம்பருத்தியில்தான் தாய்ப் பறவை குஞ்சுக்குப் புழு தேடுகிறது; அதே பூவில்தான் தேன் குடிக்கிறது. கூடு இருக்கிற மாதத்திலாவது அதைத் தள்ளிப்போடுங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே மாவுப்பூச்சி நிறைய உதிர்ந்துவிடும்.

தண்ணீர் பீய்ச்சுவதில் இன்னொரு லாபமும் உண்டு. அகலமான இலைகளில் தேங்கி நிற்கிற பனித்துளியில் தேன்சிட்டு குளிக்கும். கிண்ணம் நிறைய தண்ணீர் வைத்தாலும் அதற்குப் பெரிய குளம்தான். கல்வாழை இலையில் நாலு சொட்டுத் தண்ணீர் நின்றால் போதும், உடம்பைத் தேய்த்து, இறக்கையைச் சிலிர்த்து ஒரு முழுக் குளியலை முடித்துவிடும்.

கூடு இருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைவிட, என்ன செய்யக் கூடாது என்பதுதான் அதிகம். கூடு தொங்குகிற இடத்தின் அருகே மின்விசிறி இருந்தால் சுவிட்சின்மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் அது ஏறக்கூடிய நாற்காலி, ஸ்டூலை நகர்த்திவிடுங்கள். புறாவைத் தடுக்கப் பால்கனிக்கு வலை போடுகிற திட்டம் இருந்தால் ஒரு மாதம் தள்ளி வையுங்கள். வலை போட்ட பிறகு தாய் வெளியே, குஞ்சு உள்ளே என்று ஆகிவிடும்.

பிறகு, கேமரா. இலை மறைக்கிறது, கூடு சரியாகத் தெரியவில்லை என்று சிலர் பக்கத்துக் கிளையை ஒடித்துவிடுகிறார்கள். படம் அழகாகத்தான் வரும். இலை விலகியது உங்களுக்கு மட்டும் அல்ல, காகத்துக்கும்தான். வாசல் அருகே போனை நீட்டி நின்றுகொண்டே இருந்தால் தாய் உள்ளே வரத் தயங்கிச் சுற்றிச் சுற்றிக் கத்தும். அந்தச் சத்தமே காகத்துக்கும் ஓணானுக்கும் தகவல் பலகை. தூரத்தில் இருந்து ஜன்னல் வழியாகப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் உங்கள் நடமாட்டம் பழகிவிடும். நீங்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே வந்து ஊட்டிவிட்டுப் போகும்.

வீடு அசிங்கமாகிவிடுமோ என்ற கவலை வேண்டாம். குஞ்சுகளின் எச்சம் மெல்லிய ஓர் உறைக்குள் பொட்டலம்போல வெளியே வரும். பெற்றோர் அதை அலகால் தூக்கிக்கொண்டு போய்த் தூரப் போட்டுவிடும். டயபர் மாற்றிக் களைத்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

காற்றிலோ மழையிலோ கூடு அறுந்து விழுந்துவிட்டால்? பதற வேண்டாம். குஞ்சு உயிரோடு இருந்தால், கூட்டோடு எடுத்து அதே இடத்தில், அதே உயரத்தில், வாசல் முன்பு பார்த்த திசையிலேயே நூலால் கட்டிவிட்டு விலகிவிடுங்கள். "மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது" என்பது நம்மில் பலர் நம்புகிற கதை. தன் குஞ்சின் பசிக்குரலை வாசனைக்காகத் தாய் விட்டுவிடாது. தாய் திரும்பி வருகிறதா என்று தூரத்தில் இருந்து கவனித்தால் போதும்.

பறக்கப் பழகும் நாளில் குஞ்சு தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அனாதை என்று நினைத்து அட்டைப்பெட்டியில் போட்டு, பாலும் சர்க்கரைத் தண்ணீரும் புகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் குஞ்சுக்கு அது எமன். பால் அதற்குச் செரிக்காது. திரவம் மூச்சுக்குழலில் போனால் அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் செடியின் கிளையில் எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அம்மா அங்கேதான் எங்கோ கத்திக்கொண்டு இருக்கும்.

சட்டமும் இதன் பக்கம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்று சொல்லும்போது சுடுவதையும் பிடிப்பதையும் மட்டும் சொல்லவில்லை. காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும்கூட அந்தச் சொல்லுக்குள் வந்துவிடும். நம் பாட்டிமார்களுக்குச் சட்டம் தெரியாது. ஆனால் "வீட்டுக்குள் குருவி கூடு கட்டினால் கலைக்காதே, குடும்பத்துக்கு ஆகாது" என்று ஒரு வரியில் முடித்துவைத்தார்கள்.

தேன்சிட்டு அழிந்துகொண்டிருக்கிற பறவை இல்லை. அபாயப் பட்டியலில் அதன் பெயர் கிடையாது. காடுதான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் நம் தோட்டத்தையும் தொட்டியையும் ஏற்றுக்கொண்டதால் பிழைத்துக்கொண்டது. ஆனால் தொட்டியில் பூவுக்குப் பதில் பிளாஸ்டிக் செடி, காலி மனையில் எருக்குக்குப் பதில் கான்கிரீட், நாலு பக்கமும் கண்ணாடி மூடிய பால்கனி என்று ஒரு தெரு மாறினால், அந்தத் தெருவை விட்டு அது சத்தமில்லாமல் போய்விடும். போனதைக் கவனிக்கவும் அங்கே ஆள் இருக்காது.

சர்க்கரைத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பூக்கள் ஆன்லைனில் விற்கின்றன. வாங்கித் தொங்கவிட வேண்டாம் என்பது என் கட்சி. நம் வெயிலில் ஒரே நாளில் புளித்துப்போகும், எறும்பு மொய்க்கும், தினமும் கழுவ யாரும் இருக்கமாட்டார்கள். அந்தப் பணத்துக்கு இரண்டு இட்லிப்பூச் செடி வாங்கினால் தேனும் கிடைக்கும், தேனைத் தேடி வரும் பூச்சியும் கிடைக்கும்.

செடி வைத்து, பறவையும் வர ஆரம்பித்துவிட்டால் ஒரு வினோதமான காட்சிக்குத் தயாராக இருங்கள். வாசலில் நிற்கிற ஸ்கூட்டரின் கண்ணாடியில் ஆண் தேன்சிட்டு தன்னையே பார்த்துவிட்டு, போட்டிக்கு வந்த இன்னொரு ஆண் என்று நினைத்துச் சண்டை போடும். கொத்தும், பறக்கும், திரும்ப வந்து கொத்தும். எதிரியும் சளைக்காமல் கொத்துகிறானே! இப்படியே மணிக்கணக்கில் சக்தியை வீணாக்கும். சிரித்து முடித்த பிறகு கண்ணாடிமேல் ஒரு பழைய துணியையோ காலுறையையோ மாட்டிவிடுங்கள். அதற்குக் குடும்பத்தைக் கவனிக்கிற வேலை பாக்கி இருக்கிறது.

குஞ்சுகள் பறந்துபோன பிறகும் உடனே கூட்டை அவிழ்த்து எறிய வேண்டாம். இவை வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை குஞ்சு பொரிக்கக்கூடியவை. முதல் ஈட்டுக்குக் கட்டிய கூட்டையே இரண்டாவது ஈட்டுக்கும் வைத்துக்கொள்வது உண்டு. தேன்சிட்டு கைவிட்ட கூட்டில் தானியம் தின்னும் சில்லைக் குருவி குடியேறியதையும் பறவை நோக்கர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே ஒரு வாரம், பத்து நாள் பாருங்கள். அம்மா மறுபடி அலகில் எருக்கம்பஞ்சோடு வந்து நின்றால், இன்னும் ஒரு மாதத்துக்குத் துணியெல்லாம் மொட்டை மாடியில்தான்.